யஹ்யாவின் அத்தா

ஜைனம்பு: இது யாருக்குங்க?

ஹபிபுல்லா: எது?

ஜைனம்பு: இந்த வெள்ள உடுப்பு. பொட்டிக்கு அடியில, ஒங்க கைலிக்குள்ள சுத்தி வச்சிருந்துச்சு.

ஹபிபுல்லா: ஓ… அதா. அத அப்படியே வையி, அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல சோப்பு, தைலம், சாக்லேட்டெல்லாம் எடுத்துப் பிரி. மதினி வந்து நிக்கப் போவுது.

ஜைனம்பு: அக்கா அசர் தொழுகைக்கு அப்பறந்தான் வருவாங்க. இத சொல்லுங்க. அரபிக்காரவுங்க போடுற அங்கி மாரி இருக்கு. ஆனா சின்னப் பையன் அளவு. தலத்துண்டு, அது மேல வைக்கிற கருப்பு வளையம், எல்லாம் சேத்து மடிச்சிருக்கு.

ஹபிபுல்லா: திஷ்தாஷாம்பாங்க. நம்ம கடையில தச்சதுதான்.

ஜைனம்பு: நீங்க தச்சதா?

ஹபிபுல்லா: கழுத்துப்பட்டி மட்டும் நான் வச்சேன்.

ஜைனம்பு: யாரு அளவுக்கு?

ஹபிபுல்லா: சும்மா… ஒரு அளவுக்கு.

ஜைனம்பு: பதினஞ்சு வருசமா குவைத்துல தையக்காரரா இருக்கீங்க. சும்மா ஒரு அளவுன்னு ஒங்க வாயிலேர்ந்து இன்னைக்குத்தான் கேக்குறேன்.

ஹபிபுல்லா: அண்ணன் மவனுக்குன்னு வச்சுக்கயேன்.

ஜைனம்பு: அவன் பெரம்பலூர்ல காலேஜு போறான். இது அவன் இடுப்புக்கூட எட்டாது.

ஹபிபுல்லா: அப்ப அஃப்ஷானுக்கு.

ஜைனம்பு: அண்ணன் மவளுக்கு ஆம்பள அங்கியா?

ஹபிபுல்லா: போட்டா துணி கோச்சுக்குமா?

ஜைனம்பு: சிரிக்காதீங்க.

ஹபிபுல்லா: நீயாச்சும் சிரியேன். காலையிலேர்ந்து பாக்குறேன், ஒன் மூஞ்சே சரியில்ல. நான் வர்றப்பல்லாம் மொத ஆளா வேன்ல ஏறி ஒக்காந்து திருச்சி ஏர்போர்ட்டுக்கு வந்து நிப்ப. இந்தத் தடவ தலவலின்னு சொல்லி அனுப்பிச்சுட்ட. சலாம் சொன்ன, சோறு வச்ச, கறிய அள்ளி அள்ளி வச்ச… ஏறெடுத்து ஒரு பார்வ பாக்கல. ரெண்டு வருசம் கழிச்சு வந்திருக்கேன் ஜைனு.

ஜைனம்பு: யஹ்யா யாருங்க?

ஹபிபுல்லா: ஒனக்கு… யாரு சொன்னா?

ஜைனம்பு: அப்ப இருக்கான்.

ஹபிபுல்லா: இல்ல ஜைனு, நீ நெனக்கிற…

ஜைனம்பு: "யாரது"ன்னு கேட்டிருந்தீங்கன்னா நம்பியிருப்பேன். "யாரு சொன்னா"ன்னு கேட்டீங்க பாருங்க. அது போதும் எனக்கு.

இலியாஸ்: ஏ ஹபீபு! உள்ள இருக்கியா? பாங்கு சொல்லப் போறாங்க, பள்ளிவாசலுக்கு வரியா?

ஹபிபுல்லா: நீங்க நடங்கண்ணே. பின்னாடியே வரேன்.

இலியாஸ்: பொட்டியத் தொறந்தாச்சா? ஒன் மதினிக்கு டார்ச் லைட்டு… ஞாவகம் இருக்குல்ல? நேத்துலேர்ந்து என் உசுர வாங்குறா.

ஹபிபுல்லா: இருக்குண்ணே, இருக்கு. ரெண்டு இருக்கு.

இலியாஸ்: ரெண்டையும் அவகிட்ட காட்டிராத. ஒண்ணு எனக்கு.

ஜைனம்பு: போயிட்டாரா ஒங்க அண்ணன்?

ஹபிபுல்லா: போயிட்டாரு. ஜைனு, அந்தப் பேரு ஒனக்கு எப்படித் தெரியும்?

ஜைனம்பு: காசிநாதண்ணன் வந்திருந்தாரு.

ஹபிபுல்லா: எங்க கடை காசிநாதனா? மீன்சுருட்டி காசிநாதன்?

ஜைனம்பு: அவரேதான். ரெண்டு மாசம் முன்னாடி லீவுல வந்தாருல்ல. அரியலூருக்கு ஏதோ வேலையா வந்தவரு, நீங்க குடுத்து விட்ட பால் பவுடர குடுத்துட்டுப் போவலாம்னு பஸ் ஏறி லப்பைக்குடிக்காடு வரைக்கும் வந்தாரு. தண்ணி குடுத்தேன், டீ குடுத்தேன். தன் பைக்குள்ள கைய விட்டு ஒரு கலர் பென்சில் டப்பா எடுத்தாரு. "இது என் சார்பா யஹ்யாவுக்கு"ன்னாரு.

ஹபிபுல்லா: அட… அந்த மனுசன்கிட்ட நான் சொல்லி விடாம போயிட்டேனே.

ஜைனம்பு: "எங்கம்மா யஹ்யா? ஹபீபு பாய் கடையில நாள் தவறாம மவனப் பத்தித்தான் பேசுவாரு"ங்குறாரு.

ஹபிபுல்லா: நீ என்ன சொன்ன?

ஜைனம்பு: என்னமோ சொல்லி அனுப்பிச்சேன். அதுவா இப்ப முக்கியம்? அன்னைலேர்ந்து நான் தூங்கல. அங்க ஒரு குடும்பம் இருக்கு, ஒரு பொண்டாட்டி இருக்கா, நாள் தவறாம பேசுற அளவுக்கு ஒரு மவன் இருக்கான்… எங்கிட்ட மட்டும் "சாப்டியா, மாத்திர போட்டியா"ன்னு ரெண்டே கேள்வி. மார்க்கத்துல எடம் இருக்குதுதான். இல்லங்கல. எனக்குத்தான் ஒண்ணும் தங்கல. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல…

ஹபிபுல்லா: வல்லாஹி அப்படி ஒண்ணும் இல்ல. இங்க பாரு. என் மூஞ்சியப் பாத்து சொல்லு, நான் அப்படிப்பட்ட ஆளா?

ஜைனம்பு: மூஞ்சியப் பாத்து ரெண்டு வருசமாச்சு. எப்படிப்பட்ட ஆளுன்னு மறந்து போச்சு.

ஹபிபுல்லா: எனக்கு அங்க யாருமே இல்ல ஜைனு. ஒரு ரூம்ல ஆறு பேரு. கட்டிலுக்கு மேல கட்டில். எங்கேர்ந்து குடும்பம் வரும்?

ஜைனம்பு: அப்ப யஹ்யா?

ஹபிபுல்லா: அவனும்… இல்ல.

ஜைனம்பு: இல்லாத புள்ளைக்கா அங்கி தச்சீங்க?

ஹபிபுல்லா: ஆமா.

ஜைனம்பு: என்னாங்க சொல்றீங்க…

ஹபிபுல்லா: ஒக்காரு. கட்டில்ல ஒக்காரு. அந்த உடுப்ப மடியில வச்சுக்க, கீழ போடாத. சொல்றேன். எம்பேரு என்னா?

ஜைனம்பு: என்னா கேள்வி இது!

ஹபிபுல்லா: ஹபிபுல்லா. கடையில சேந்த புதுசுல அதுதான் பெரிய கஷ்டம். அந்த ஊர்ல எவனப் பாத்தாலும் "ஹபீபி"ம்பான். டாக்சிக்காரன், காய்கறிக்காரன், போலீசு… அத்தன பேரும். ஒருத்தன் "ஹபீபி"ன்னா என்னக் கூப்புடுறானா, சும்மா கூப்புடுறானான்னே தெரியாது. ஒரு நாளைக்கு அம்பது தடவ திரும்பித் திரும்பிப் பாத்து கழுத்து வலிக்கும்.

ஜைனம்பு: இப்பவும் சிரிக்க வைக்கப் பாக்குறீங்க.

ஹபிபுல்லா: நெசமாத்தான். மொதலாளி இருக்காருல்ல, அபூ ஃபஹத். கெழவரு. அவரு பாத்துச் சிரிப்பாரு. "ஒனக்கு ஒரு மவன் பொறக்கட்டும், நல்ல பேரு வந்துரும்"பாரு. அவுங்க வழக்கம் அது. மரியாதப்பட்ட மனுசன அவன் பேரு சொல்லிக் கூப்புட மாட்டாங்க. தலச்சன் புள்ள பேரச் சொல்லி, இன்னாரோட அத்தான்னு கூப்புடுவாங்க. அபூன்னா அத்தா, தகப்பன். மொதலாளி மவன் பேரு ஃபஹத். அதனால அவரு அபூ ஃபஹத். அவரு சொந்தப் பேரு என்னன்னு எனக்கே நாலு வருசம் கழிச்சுத்தான் தெரியும்.

ஜைனம்பு: பொம்பளைங்களுக்கும் உண்டு. உம்முன்னா அம்மா, உம்மு இன்னாருன்னு. மதரசாவுல ஓதிக் குடுக்குற ஒஸ்தாபி சொல்லியிருக்காங்க.

ஹபிபுல்லா: ஆங். அப்பறம்… கலியாணமாயி நாலு வருசம் கழிச்சு நீ போன் பண்ணுன. ஞாவகம் இருக்கா? பேசவே இல்ல, மூச்சு மட்டும் விட்ட. நானே "என்னா, உண்டாயிருக்கியா"ன்னு கேட்டேன்.

ஜைனம்பு: நீங்க போன கீழ போட்டுட்டீங்க. டப்புன்னு ஒரு சத்தம்.

ஹபிபுல்லா: கத்திரி மேல விழுந்து கண்ணாடி ஒடஞ்சுச்சு. ஒடஞ்ச போனோட ஓடிப் போயி மொதலாளிகிட்ட சொன்னேன். பேரு யோசிச்சியான்னாரு. ஆம்பளப் புள்ளன்னா யஹ்யான்னு வைக்கணும்னேன். அந்த மனுசன் எந்திரிச்சு என் நெத்தியில முத்தம் குடுத்தாரு. "மாஷா அல்லாஹ், யா அபூ யஹ்யா!" அவ்வளவுதான். அன்னைலேர்ந்து கடைக்கே நான் அபூ யஹ்யா. வாசல்ல நின்னு யாராவது அப்படிக் கூப்புட்டா… அது நான்தான். வேற யாருமில்ல. சந்தேகமே இல்லாம திரும்புவேன்.

ஜைனம்பு: யஹ்யான்னு வைக்கணும்னு எங்கிட்ட சொல்லவே இல்லயே நீங்க.

ஹபிபுல்லா: பொறந்தப்பறம் சொல்லலாம்னு இருந்தேன். ஜக்கரிய்யா நபி இருக்காங்கல்ல… எலும்பெல்லாம் தளந்து, தலையெல்லாம் நரச்சுப் போயி, யாருக்கும் கேக்காம மெல்ல கேட்டாங்களாம், ரப்பே, என்னத் தனியாளா விட்டுறாதன்னு. நாலு வருசமா அந்த துஆவத்தான் நான் தினமும் கேட்டேன். மேல் கட்டில்ல படுத்துக்கிட்டு, யாருக்கும் கேக்காம. அவங்களுக்கு ஒரு புள்ளையக் குடுத்து, பேரையும் அல்லாவே யஹ்யான்னு வச்சான். அதுக்கு முன்னாடி ஒலகத்துல யாருக்கும் வைக்காத பேரு.

ஜைனம்பு: யஹ்யான்னா என்னாங்க அர்த்தம்?

ஹபிபுல்லா: வாழ்வான்.

ஜைனம்பு: வாழ்வான்…

ஹபிபுல்லா: அப்பறம் ஒரு நாளு அம்மா போன் பண்ணுனாங்க. "கலஞ்சு போச்சுடா, மனச விட்டுறாத, அவ நல்லாருக்கா"ன்னு. நான் போன வச்சுட்டு திரும்ப வந்து மிசின்ல ஒக்காந்துட்டேன். பெருநா நேரம், தல தூக்க முடியாத வேல. மொதலாளி வந்து "கண்ணு ஏன் செவந்திருக்கு, அபூ யஹ்யா"ன்னாரு. அந்தப் பேரச் சொல்லிக் கேக்குறப்ப… எப்படிச் சொல்றது? துணித்தூசின்னுட்டேன்.

ஜைனம்பு: நாளைக்குச் சொல்லலாம்னு விட்டுட்டீங்க.

ஹபிபுல்லா: நாளைக்கு, நாளைக்குன்னு… மாசம் போயிருச்சு. மாசத்த நானும் எண்ணிக்கிட்டு இருந்தேன் ஜைனு. ஒனக்கு நெற மாசம் ஆயிருக்க வேண்டிய நேரம் சரியா வந்து கேக்குறாரு, "யஹ்யா வந்துட்டானா?" அந்தக் கெழவரும் எண்ணியிருக்காரு பாரு. நான் வாயத் தொறந்தேன். இல்லன்னு சொல்லத்தான் தொறந்தேன். "வந்துட்டான்"னு வந்துருச்சு.

ஜைனம்பு: யா அல்லா.

ஹபிபுல்லா: கடையில வேல பாக்குற எல்லாருக்கும் ஆடு அறுத்து சோறு போட்டாரு. புள்ள பொறந்ததுக்குக் குடுக்குற அகீகா. பெரிய தட்டுல, எல்லாரும் சுத்தி ஒக்காந்து.

ஜைனம்பு: நீங்க சாப்புட்டீங்களா?

ஹபிபுல்லா: சாப்புட்டேன்.

ஜைனம்பு: எப்படிங்க எறங்குச்சு?

ஹபிபுல்லா: நல்ல கறின்னு சொல்லிக்கிட்டே தின்னேன். ரூமுக்கு வந்து எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டேன்.

ஜைனம்பு: அப்பவாச்சும் ஒரு வார்த்த எங்கிட்ட…

ஹபிபுல்லா: ஒங்கிட்ட எதச் சொல்ல? நீ அங்க ஆஸ்பத்திரிக்கும் வூட்டுக்கும் நடந்துக்கிட்டு இருந்த. அதுக்கப்பறம் ஒவ்வொரு ரமலானுக்கும் மொதலாளி கேப்பாரு, யஹ்யாவுக்கு அளவு சொல்லு, என் செலவுல ஒரு திஷ்தாஷான்னு. கடைக்கு வர்ற புள்ளைங்கள்ல அந்த வயசுப் பையனா தேடுவேன். இந்த வருசம் யஹ்யா இவ்வளவு ஒசரம் வந்திருப்பான்… தோள் இவ்வளவு இருக்கும்… அப்படியே டேப்ப வச்சுப் பாத்து எழுதிக்குவேன்.

ஜைனம்பு: தச்ச உடுப்பெல்லாம் என்ன பண்ணுனீங்க?

ஹபிபுல்லா: நம்மூர்க்காரவுங்க குடும்பத்தோட இருக்காங்கல்ல, அவங்க புள்ளைங்களுக்குக் குடுத்துருவேன். இந்தத் தடவ மொதலாளியே வந்து என் பொட்டியில வச்சுட்டாரு. ஏர்போர்ட்ல எடுத்து யாருகிட்டயாவது குடுத்துரலாம்னு நெனச்சேன். மனசு வரல. அவன் உடுப்பு அவன் வூட்டுக்கு ஒரு தடவயாவது வரட்டுமேன்னு… பைத்தியக்காரத்தனந்தான்.

ஜைனம்பு: கை கொஞ்சம் நீளமா வச்சிருக்கீங்க.

ஹபிபுல்லா: வளர்ற புள்ளல்ல.

ஜைனம்பு: … அவன் எப்படி இருப்பான்?

ஹபிபுல்லா: யாரு?

ஜைனம்பு: தெரியாத மாரி கேக்காதீங்க. நாள் தவறாம பேசுனீங்கல்ல. எனக்கும் சொல்லுங்க.

ஹபிபுல்லா: ஒன்ன மாரி நெறம். மூக்கு மட்டும் எங்க அத்தா மூக்கு. ஓதுறதுல கெட்டி. கணக்குதான் வராது, ஒன்ன மாரியே.

ஜைனம்பு: எனக்கா கணக்கு வராது? நீங்க அனுப்புறத வச்சு மாசத்த ஓட்டுறது யாரு?

ஹபிபுல்லா: சரி, என்ன மாரி. தண்ணின்னா பயம். வெள்ளாத்துல தண்ணி வந்தா மத்த புள்ளைங்கல்லாம் குதிக்கும், அவன் கரையில நின்னு சட்டையப் பாத்துக்குவான். நான் லீவுல வந்தா வண்டியில முன்னாடி ஒக்காந்து பெரம்பலூர் டவுனுக்கு வருவான். புது பஸ் ஸ்டாண்டுகிட்ட பரோட்டா வாங்கிக் குடுப்பேன். திரும்பறப்ப தூங்கிருவான். ஒரு கையால அவனப் புடிச்சுக்கிட்டு, ஒரு கையால வண்டி ஓட்டுவேன்.

ஜைனம்பு: ஒரு கையால ஓட்டாதீங்க.

ஹபிபுல்லா: சரி.

ஜைனம்பு: ராத்திரியில எங்க படுப்பான்?

ஹபிபுல்லா: அதெல்லாம் மொதலாளி கேட்டதில்ல.

ஜைனம்பு: எங்கிட்டதான் படுப்பான். நீங்க வந்தா ஒங்கள ஓரத்துக்குத் தள்ளிருவான். அத்தா யாருன்னு ரெண்டு நாளைக்கு மொகம் தெரியாம ஒளிஞ்சுக்குவான், அப்பறம் ஒங்கள விட்டு எறங்க மாட்டான்.

ஹபிபுல்லா: ஜைனு…

ஜைனம்பு: காசிநாதண்ணன்கிட்ட என்ன சொன்னேன்னு கேட்டீங்கல்ல.

ஹபிபுல்லா: ம்.

ஜைனம்பு: "ஸ்கூலுக்குப் போயிருக்கான்ணே"ன்னு சொன்னேன்.

ஹபிபுல்லா: நீயா?

ஜைனம்பு: வாயில வந்துருச்சு. ஒரு பக்கம் நெஞ்சு எரியுது, எவளோ பெத்த புள்ளன்னு. இன்னொரு பக்கம் சொல்றேன், "நாலு மணிக்கு வந்துருவான், நீங்க இருந்து பாத்துட்டுப் போலாம்ணே"ன்னு. நல்லவேள, அவருக்கு பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு. அவரு போனப்பறம் நான் வாசக்கதவ சாத்தவே இல்ல. நாலு மணி வரைக்கும். சொல்றப்ப நல்லாருந்துச்சுங்க. அதான் உண்ம.

ஹபிபுல்லா: மொதலாளி பேசுறப்பல்லாம் கடைசியில "உம்மு யஹ்யாவுக்கு என் சலாம்"னு சொல்லித்தான் முடிப்பாரு.

ஜைனம்பு: எனக்கா?

ஹபிபுல்லா: ஒனக்குத்தான்.

ஜைனம்பு: இத்தன வருசமா எனக்கு சலாம் வந்திருக்கு. ஒண்ணுகூட கொண்டாந்து சேக்கல நீங்க.

ஹபிபுல்லா: எப்படிச் சேக்குறது?

ஜைனம்பு: வஅலைக்கும் ஸலாம்… அத்தனைக்கும் சேத்து.

ஹபிபுல்லா: ஜைனு, விசயம் இன்னும் முடியல. அவருக்கு ஒடம்பு முடியல. சிறுநீரகம் ரெண்டும் போச்சு. ஏர்போர்ட்டுக்குக் கெளம்புறப்ப என் கையப் புடிச்சுக்கிட்டாரு. "யஹ்யாவ ஒரு தடவ வீடியோவுல காட்டு. அந்த உடுப்பப் போட்டு நிக்க வச்சுக் காட்டு. நானே கூப்புடுறேன்"னாரு. இன்னைக்குக் கூப்புடுவாரு.

ஜைனம்பு: இன்னைக்கா?

ஹபிபுல்லா: அதான் வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டு வந்தேன். நம்ம தெருவுலயே அந்த அளவுல எத்தன புள்ளைங்க இருக்கு? ஒரு நிமிசம் போட்டு, ஒரு சலாம் சொல்ல வச்சா…

ஜைனம்பு: வேணாம்.

ஹபிபுல்லா: ஒரே நிமிசந்தான். கெழவரு சந்தோசமா…

ஜைனம்பு: வேணாங்க. இன்னொருத்தி பெத்த புள்ளைக்கு நம்ம பேர மாட்டி நிக்க வைக்க வேணாம். போன வச்சதும் அவன் அங்கியக் கழட்டிக் குடுத்துட்டு ஓடிருவான். அப்பறம் இந்த வூட்டுல நான்ல இருக்கணும்.

ஹபிபுல்லா: அப்ப என்ன செய்ய? மவுத்தாயிட்டான்னு சொல்லிரவா? வழியெல்லாம் அதையும் சொல்லிப் பாத்தேன். பாடாலூர்ல டீ குடிக்க வண்டிய நிப்பாட்டுனாங்க. நான் மட்டும் தள்ளிப் போயி நின்னு, மெல்ல சொல்லிப் பாத்தேன். வாய் வரல. அவன் பேரே வாழ்வாங்குறது. நானே எப்படி அவன…

ஜைனம்பு: அழுவாதீங்க. இந்தாங்க, இதுல தொடைங்க. ஐயோ, அங்கியில இல்ல. இந்தத் துண்டுல.

ஹபிபுல்லா: புள்ள இல்லாதவன் எதுக்கு அந்தப் பேர வாங்கித் தலையில வச்சுக்கிட்டேன்?

ஜைனம்பு: புள்ள இல்லாதவங்களும் வச்சுக்கலாம். நபி ரசூலுல்லாவோட மனைவி ஆயிஷா நாயகிக்கும் புள்ள இல்லல்ல. "எல்லாப் பொண்ணுங்களுக்கும் அந்த மாரி பேரு இருக்கு, எனக்கு மட்டும் இல்லயே"ன்னு ரசூலுல்லாகிட்ட கேட்டாங்களாம். "அக்கா மவன் அப்துல்லா பேருல உம்மு அப்துல்லான்னு வச்சுக்க"ன்னாங்களாம். ஒஸ்தாபி சொன்னாங்க.

ஹபிபுல்லா: அப்ப நம்மளும் அப்படியே… பேரு மட்டும் இருந்துட்டுப் போவட்டும்ங்குறியா?

ஜைனம்பு: இல்லங்க. நம்மளுக்கு அது பொருந்தாது.

ஹபிபுல்லா: ஏன்?

ஜைனம்பு: போன் அடிக்குதுங்க.

ஹபிபுல்லா: அவருதான்.

ஜைனம்பு: எடுக்காதீங்க. அடிச்சு ஓயட்டும். திரும்ப கூப்புடுவாருல்ல… அதுக்குள்ள நான் ஒண்ணு சொல்லணும்.

ஹபிபுல்லா: என்னா ஜைனு?

ஜைனம்பு: மாமி என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாங்க. அவங்க இருக்குற வரைக்கும் சொல்ல முடியல. போன ரமலான்ல அவங்க மவுத்தானப்பறம் நீங்க வர்றது இப்பத்தான். போன்ல சொல்ற விசயமும் இல்ல.

ஹபிபுல்லா: அம்மாவா? என்ன சத்தியம்?

ஜைனம்பு: கலஞ்சு போச்சுன்னு ஒங்ககிட்ட சொன்னாங்கல்ல. கலையலங்க. பொறந்துச்சு.

ஹபிபுல்லா: பொறந்துச்சா?

ஜைனம்பு: பெரம்பலூர் ஆஸ்பத்திரியில. நாளாவாம பொறந்துருச்சு. என் ரெண்டு கையையும் சேத்து வச்சா அதுக்குள்ள அடங்கும். அவ்வளவுதான். ஆனா அழுதுச்சுங்க.

ஹபிபுல்லா: அழுதுச்சா…

ஜைனம்பு: ஒரு தடவ. ரொம்ப மெல்லிசா. எங்க அத்தா ஓடி வந்து காதுல பாங்கு சொன்னாங்க. சொல்லி முடிக்கிற வரைக்கும் கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. அப்பறம் மூடிக்கிச்சு.

ஹபிபுல்லா: இத்தன வருசம்… ஏன் ஜைனு? ஏன் எங்கிட்ட மறச்சீங்க?

ஜைனம்பு: "கலஞ்சதுன்னா தாங்கிக்குவான், அழுத புள்ளன்னா தாங்க மாட்டான், அத்தனையும் போட்டுட்டு ஓடி வந்துருவான்"னாங்க மாமி. நான் அப்ப எதுக்கும் தலையாட்டுற நெலமையிலதான் கெடந்தேன். அப்பறம் நீங்க வந்தீங்க, போனீங்க. ஒவ்வொரு தடவையும் காத்துக்கிட்டு இருந்தேன். நீங்களா கேட்டா சத்தியத்த ஒடச்சுரலாம்னு. ஆணா பொண்ணான்னு ஒரு வார்த்த. அதுகூட கேக்கல நீங்க.

ஹபிபுல்லா: கேட்டா நீ அழுவியேன்னு…

ஜைனம்பு: கேக்காததுக்குத்தான் அழுதேன்.

ஹபிபுல்லா: என் புள்ள எங்க இருக்கு?

ஜைனம்பு: ஆத்தாங்கர கபுருஸ்தான்ல. எங்க அத்தாதான் ஏந்திக்கிட்டுப் போனாங்க. மையத்துக்கட்டில் வேணாம்னுட்டாங்க, கையிலயே கொண்டு போறேன்னு. நீங்க ஒவ்வொரு லீவுலயும் ஒங்க அத்தா கபுருக்கு ஜியாரத் பண்ணப் போவீங்களே… அதுக்கு நாலு எட்டுத் தள்ளி, வேப்பமரத்துகிட்ட.

ஹபிபுல்லா: அந்த எடத்துலதான் செருப்ப விடுவேன் ஜைனு. வர்றப்பல்லாம் அங்கதான்… பேரு? பேரு வச்சீங்களா? யஹ்யான்னு நான் சொல்லலயே… நீங்க என்ன வச்சீங்க அவனுக்கு?

ஜைனம்பு: அவன் இல்லங்க. பொண்ணு.

ஹபிபுல்லா: பொண்ணா…

ஜைனம்பு: "அழுத புள்ளையப் பேரில்லாம அடக்கக் கூடாது, மறுமையில அத்தா பேரோட சேத்துத்தான் கூப்புடுவாங்க"ன்னாரு பள்ளிவாசல் ஹஜ்ரத்து. ஃபாத்திமான்னு வைக்கலாமான்னாங்க எங்க அத்தா. நான்தான் கேக்கல. அந்த வாரந்தான் மதரசாவுல ஒரு கதை சொல்லியிருந்தாங்க. மதீனாவுல ரசூலுல்லா ஒரு பேரீச்ச மரக்கட்ட மேல சாஞ்சு நின்னுதான் பயான் பண்ணுவாங்களாம். அப்பறம் புதுசா படி வச்ச மிம்பர் மேடை செஞ்சு குடுத்தாங்க. அவங்க அதுல ஏறி நின்னதும் இந்தக் கட்ட அழுதுச்சாம். பிரிவு தாங்காம, பள்ளிவாசல்ல இருந்த எல்லாருக்கும் கேக்குற மாரி. ரசூலுல்லா எறங்கி வந்து கட்டிப் புடிச்சாங்களாம், அப்பறந்தான் அடங்குச்சாம்.

ஹபிபுல்லா: தெரியும். அந்தக் கதை தெரியும்.

ஜைனம்பு: குட்டியப் பிரிஞ்ச ஒட்டகம் ஏங்கிக் கத்துமே, அதுக்கும் இந்தக் கட்ட அழுததுக்கும் அரபியில ஒரே வார்த்ததானாம். அந்தப் புள்ள அழுதப்ப எனக்கு அந்த வார்த்ததாங்க நெஞ்சுல வந்துச்சு. நீங்க எங்கயோ இருக்கீங்க. அது ஒங்களத் தேடித்தான் அழுவுதுன்னு நெனச்சேன். அதையே பேரா வச்சுட்டேன்.

ஹபிபுல்லா: திரும்ப அடிக்குது ஜைனு. அவருதான். நான் என்னன்னு சொல்லுவேன்? எந்தப் பேரச் சொல்லிப் பேசுவேன்?

ஜைனம்பு: எடுங்க. அபூ ஹனீன் பேசுறேன்னு சொல்லுங்க.